இழுத்தால் மேலே, தள்ளினால் கீழே

அம்புக்குறி மறுபடியும் தானாகவே மேலே ஏறிப்போய், திரையின் இடது மூலையில் ஒட்டிக்கொண்டது.

"நான் தொடவே இல்ல" என்றார் கிரேன்காரர்.

"தொட்டீங்கன்னு யாரு சொன்னா? தொட்டாத்தானே அது போகணும்? தொடாமலே போனா நான் எப்படிங்க வேலை பாக்கிறது?" என்றாள் மனைவி.

நியாயமான கேள்விதான். கிரேன்காரர் மேஜைமேல் இருந்த ஜாய்ஸ்டிக்கை முறைத்துப் பார்த்தார். மகள் பள்ளிக்கூடம் போன காலத்தில் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டி விளையாட வாங்கியது. ஒரு கறுப்புக் குச்சி, அதில் ஆள்காட்டி விரலுக்கு ஒரு விசை, கட்டைவிரலுக்கு நாலு பொத்தான். மகள் கல்யாணமாகிப் போன பிறகு பரணில் கிடந்ததை மனைவி இறக்கித் துடைத்து வைத்திருந்தாள்.

அவளுடைய வலது கை விரல் முதல் முழங்கைவரை வெள்ளைக் கட்டுக்குள் இருந்தது. மடியில் ஒரு தலையணை, அதன்மேல் அந்தக் கை. புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைப்பது அவள் தொழில். வீட்டிலேயே, இதே மேஜையில். இப்போது கையில் இருப்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கான வரைபடப் புத்தகம், மொத்தம் தொண்ணூற்றாறு பக்கம். ஆறு வாரத்தில் கொடுத்தாக வேண்டும். மணிக்கட்டு இல்லாமல் மவுஸைப் பிடிக்க முடியாது. ஜாய்ஸ்டிக் என்றால் முழங்கையால் தள்ளியே சமாளித்துவிடலாம் என்பது அவளுடைய யோசனை.

"நீங்க சரியா செட் பண்ணிக் குடுத்தீங்கன்னா போதும். மத்தத நான் பாத்துக்குவேன். குச்சியைப் பிடிக்கிறதுல உங்களவிட யாருக்குத் தெரியும்?" என்றாள் அவள்.

உண்மையும் அதுதான். கொதிகலன் செய்யும் பெரிய கொட்டகை ஒன்றில், கூரைக்குக் கீழே ஓடும் கிரேனில், நாற்பதடி உயரக் கூண்டுக்குள் உட்கார்ந்து இருபத்துமூன்று வருஷம் குச்சி பிடித்தவர் அவர். அத்தனை வருஷத்தில் ஒரு போல்ட்டைக்கூடக் கீழே போட்டதில்லை. கடைசியில் போட்டது தன்னைத்தான். ஒருநாள் வேலை முடிந்து ஏணியில் இறங்கும்போது கடைசி மூன்று படி பாக்கி இருக்கையில் கால் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தார். முன்கையில் இரண்டு எலும்பும் முறிந்து, தகடு வைத்துத் தைத்தார்கள். எலும்பு ஒழுங்காகக் கூடிவிட்டது. விரல்கள்தான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. டம்ளரைப் பிடித்தால் நழுவியது. சட்டைப் பொத்தான் போட மனைவி வரவேண்டியிருந்தது.

கம்பெனி ஒரு கடிதம் அனுப்பியது. நாற்பத்தைந்து நாள் அவகாசம். அதற்குப் பிறகு பிசியோதெரபிஸ்ட் கையைச் சோதித்து அறிக்கை கொடுப்பார். தேறினால் கிரேன். தேறாவிட்டால் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி, வருகிற லாரியின் நம்பரை எழுதிக்கொள்ள ஒரு நோட்டு.

இருபத்துமூன்று வருஷம் எல்லாரையும் மேலே இருந்து பார்த்தவருக்கு, லாரிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்காரும் நினைப்பே கசந்தது.

பிசியோதெரபிஸ்ட் முதல் நாளே ஒரு மஞ்சள் ரப்பர் பந்தும் ஒரு தாளும் கொடுத்திருந்தார். தாளில் படம் போட்டுப் பயிற்சிகள். தள்ளு, இழு, பிடித்தபடி பத்து எண்ணு, விரலால் அழுத்து, திருகு. தினமும் முந்நூறு தடவை. வலியில் உயிர் போனது. இரண்டாம் நாள் கிரேன்காரர் தாளை நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். பந்து, காற்றில் அடித்துக்கொள்ளும் பால்கனிக் கதவுக்கு முட்டுக் கொடுக்கப் போனது.

"இதெல்லாம் சின்னப் புள்ளைங்க விளையாட்டு" என்றார்.

விஷயம் அதுவல்ல. வலிகூட அல்ல. இத்தனையும் செய்து, அப்புறமும் கை வராவிட்டால்? செய்யாமல் இருக்கும்வரை, செய்திருந்தால் வந்திருக்கும் என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா? அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சோபாவில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். மூன்று நாள் அப்படியே உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் வந்தார், கேட்டதற்கு 'ம்' என்றார். அவ்வளவுதான்.

நாலாம் நாள் கடைக்குப் போன மனைவி கையில் கட்டோடு திரும்பி வந்தாள். மாடிப்படியில் வழுக்கிவிட்டது என்றாள்.

எப்போதும் பையைத் தூக்கிக்கொண்டு கூடப் போகிறவர் அவர்தான். அன்றைக்குப் போகவில்லை. "ஐயோ, என்னால வந்துச்சே" என்று அவர் சோபாவிலிருந்து எழுந்ததுதான். மறுபடி அதில் உட்கார நேரமே கிடைக்கவில்லை. மொத்தத்தில் வீட்டில் இரண்டு பேர், நாலு கை. அதில் உருப்படியாக இருந்த இரண்டும் இடது கை.

ஜாய்ஸ்டிக்கை மவுஸாகவும் கீபோர்டாகவும் மாற்றுகிற ப்ரோக்ராமை மகள் போனில் சொல்லி இறக்கிக் கொடுத்தாள். குச்சியை இடம் வலமாகத் தள்ளுவது ஒரு அச்சு. முன்னும் பின்னும் தள்ளுவது இன்னொரு அச்சு. திருகுவது மூன்றாவது. எந்த அச்சு அசைந்தால் மவுஸ் எந்தப் பக்கம் போகவேண்டும், எந்த அச்சைத் திருகினால் கீபோர்டில் எந்த விசை அழுந்தவேண்டும் என்று நாமே சொல்லிவைக்கலாம்.

"அவ்வளவுதானே? கிரேன்லயும் மூணு அசைவுதான். நீளவாக்குல ஒண்ணு, குறுக்கால ஒண்ணு, கொக்கி ஏறி இறங்க ஒண்ணு. அரைமணி நேரத்து வேலை" என்றார் கிரேன்காரர்.

"சரிப்பா" என்று சொல்லிவிட்டு மகள் இருமினாள். சிரிப்பை அடக்குகிற இருமல்போல இருந்தது. சளி பிடித்திருக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

முதல் தகராறு கிளம்பியது மேல், கீழ் விஷயத்தில். கிரேனில் குச்சியைத் தன் பக்கம் இழுத்தால் கொக்கி மேலே போகும். அவர் கைக்கு அதுதான் நியாயம். அப்படியே செட் செய்தார்.

"இழுக்க முடியலங்க, சுருக்குன்னு வலிக்குது. தள்ளினா மேல போற மாதிரி வைங்க" என்றாள் மனைவி.

"தள்ளினா எப்படிம்மா மேல போகும்?"

"கிரேன்ல போகாது. புத்தகத்துல போகும்."

மாற்றினார். அவருக்குத் தலைகீழாக இருந்தது. மேலே போக நினைத்து இழுப்பார், கீழே போகும். பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளுவார்.

"சரியா இருக்கா பாரு" என்று நாற்காலியை விட்டு எழுந்தார்.

"நீங்களே பாத்துச் சொல்லுங்க. அரைகுறையா இருக்கிறதுல கையை வெச்சு நான் இன்னும் கெடுத்துக்கவா? அதோ அந்த ஆறு இருக்கு பாருங்க, மலையில ஆரம்பிச்சு கடல் வரைக்கும் அதுமேல கோடு போட்டுக் காட்டுங்க. நடுவுல கையை எடுக்காம வந்துச்சுன்னா செட்டிங் சரியாச்சுன்னு அர்த்தம்."

ஆறு என்றால் சும்மா ஆறு இல்லை. வளைந்து நெளிந்து முப்பது திருப்பம். அவர் வலது கையால் குச்சியைப் பிடித்து, ஆள்காட்டி விரலால் விசையை அழுத்திக்கொண்டு மலையிலிருந்து புறப்பட்டார். மூன்றாவது திருப்பத்தில் விரல் நழுவியது. ஆறு அங்கேயே வற்றிப்போனது.

"இன்னொரு தடவை" என்றாள் மனைவி.

"இடது கையால போட்டுப் பாக்கட்டுமா?"

"குச்சி வலது கைக்குன்னு வளைச்சுச் செஞ்சது. இடது கையால பிடிச்சா எப்படிச் சரியாத் தெரியும்?"

அதுவும் நியாயம்தான். அந்த வாரம் பூராவும் மனைவி சொன்னதில் நியாயம் இல்லாத ஒன்றைக்கூட அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அடுத்து வந்தது அந்த நகரும் வியாதி. பழைய குச்சி நடுவில் நேராக நிற்காமல் லேசாகச் சாய்ந்தது. அந்தச் சாய்வுக்கே அம்புக்குறி ஊர்ந்துபோய் மூலையில் ஒட்டியது. குச்சி நடுவில் கொஞ்சம் ஆடினால் கண்டுகொள்ளாமல் விடு என்று ப்ரோக்ராமிடம் சொல்லவும் வழி இருந்தது. அதற்குப் பெயர் டெட் ஸோன். மகள் சொன்னபடி அதில் பன்னிரண்டு என்று வைத்தார். அம்புக்குறி அடங்கி நின்றது. கிரேன்காரருக்கு உச்சி குளிர்ந்தது. கிரேனுக்குத் தினக்குறிப்பு எழுதுகிற பழக்கத்தில் ஒரு நோட்டை எடுத்து இடது கையால் கோணல்மாணலாக எழுதினார்: 'டெட் ஸோன் 12. சோதிக்கப்பட்டது. திருப்தி.'

மதியம் சாப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரம் கண் அசந்தார். எழுந்துவந்து குச்சியைப் பிடித்தால் அம்புக்குறி அசையவே இல்லை. மரம் மாதிரி நின்றது. தம் பிடித்துக் கோடி வரைக்கும் தள்ளினால்தான் நகர்ந்தது. திறந்து பார்த்தார். டெட் ஸோன் முப்பத்தெட்டு.

"நான் பன்னெண்டுதானே வெச்சேன்?"

"எனக்கென்ன தெரியும்?"

"நீ எதையாவது தொட்டியா?"

மனைவி கட்டுப்போட்ட கையைத் தூக்கி அவர் மூக்குக்கு நேரே காட்டினாள். "இதை வெச்சுக்கிட்டா?"

அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒரு பாவமும் அறியாதவளைக் கேட்டுவிட்டோமே என்று உள்ளுக்குள் குமைந்தார். நோட்டில் எழுதினார்: 'பகல் 1 மணி: 12. பகல் 2 மணி: 38. காரணம் தெரியவில்லை.'

காரணம் தெரியாத சங்கதிகள் நாளுக்கு நாள் கூடின. வேகத்தை அவர் எழுபது என்று வைத்தால் மறுநாள் காலையில் பதினைந்து என்று இருந்தது. அம்புக்குறி திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போக, குச்சியைத் தள்ளிப் பிடித்தபடியே பத்து எண்ணவேண்டியிருந்தது. பத்து எண்ணுவதற்குள் கை வெடவெடவென்று நடுங்கியது. சரிசெய்து நிமிர்ந்தால், விசையை ஒரு தடவை அழுத்தினால் ஏற்காமல் நாலு தடவை கேட்டது. அதையும் சரிசெய்தால், "குச்சி ரொம்பத் தொளதொளன்னு ஆடுதுங்க, என் கையால ஒரு இடத்துல நிறுத்த முடியாது" என்றாள் மனைவி. சைக்கிள் டியூபை வளையமாக வெட்டிக் குச்சியை அடியோடு சேர்த்துக் கட்டினார். இரண்டு நாள் கழித்து இன்னொரு வளையம் கேட்டாள். அப்புறம் மூன்றாவது.

"இதுக்குமேல கட்டினா இது குச்சி இல்லம்மா, கம்பம்."

"எனக்கு இறுக்கமா இருந்தாத்தான் சரிப்படும்."

நடுநடுவே அவளுக்குப் போன் வரும். பால்கனிக்குப் போய்ப் பேசுவாள். "ஆமா சார், முந்நூறு ஆயிடுச்சு… வலிக்குதுன்னு சொல்லல சார்… சரி, நாளையிலேர்ந்து அடுத்ததுக்குப் போயிடறேன்" என்று ஒருநாள் காதில் விழுந்தது. புத்தகக்காரர் வேலையை விரட்டுகிறார் என்று கிரேன்காரர் புரிந்துகொண்டார். தொண்ணூற்றாறு பக்கப் புத்தகத்தில் முந்நூறு எங்கிருந்து வந்தது என்று ஒரு கணம் யோசித்தார். அச்சுத்தொழில் கணக்கு நமக்கு எதற்கு என்று விட்டுவிட்டார்.

மறுநாள்தான் பெரிய விபரீதம்.

"மூணாவது அச்சை மறந்தே போயிட்டோமே. திருகினா பக்கம் மாறுற மாதிரி வைங்க" என்றாள் மனைவி. வைத்தார். வலதுபக்கம் திருகினால் அடுத்த பக்கம், இடதுபக்கம் திருகினால் முந்தின பக்கம். வைத்ததைத் திருப்தியோடு நோட்டில் குறித்துவிட்டு மதியம் தூங்கினார். எழுந்து வந்து ஒரு திருகு திருகினார். பக்கம் மாறவில்லை. பக்கத்தில் இருந்த ஏரி காணாமல் போனது.

"ஐயையோ!"

பதற்றத்தில் மறுபடி திருகினார். மலைத்தொடர் போனது. இன்னொரு திருகு, தலைநகரம் போனது. டெலீட் விசை எப்படியோ அந்த அச்சில் வந்து உட்கார்ந்திருந்தது. இடதுபக்கம் திருகினால் திரும்பக் கொண்டுவரும் என்று நினைத்துத் திருகினார். அந்தப் பக்கத்தில் 'ழ' இருந்தது. டியூப் வளையம் குச்சியை விடாமல் பிடித்துக்கொள்ள, தேசத்தின் வடக்கு எல்லையிலிருந்து தெற்குக் கடல்வரை ழழழழழ என்று ஓடியது.

மனைவி பின்னால் வந்து நின்றாள். அவள் தோள் குலுங்கியதை மட்டும் அவர் கண்ணாடிக் கதவில் பார்த்தார். அழுகிறாள் என்று நினைத்தார்.

"இந்தாம்மா, அழாத. எல்லாத்தையும் நான் திரும்பப் போட்டுடறேன். ஏரி, மலை எல்லாம்."

"ம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள்.

அன்றைக்குக் கிரேன்காரர் ஒரு முடிவுக்கு வந்தார். தன் கை போனால் போகட்டும். கேட்டில் உட்கார்ந்து லாரி நம்பர் எழுதினால் கிரீடமா இறங்கிவிடும்? ஆனால் இவள் வேலைக்குத் தன்னால் ஒரு கெடுதல் வரக்கூடாது. காலையில் எட்டு மணிக்கு உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்தார். திரும்ப உட்கார்ந்தால் விளக்கு வைக்கிற நேரம். ஏரியை வரைந்தார். மலையை வரைந்தார். ஆற்றைப் பதினேழு தடவை வரைந்து, பதினெட்டாவது தடவை கடலில் கொண்டுபோய்ச் சேர்த்தார். கை வலித்தது, ஆனால் அதைக் கவனிக்க அவருக்கு ஏது நேரம்?

"எழுத்து வேலையெல்லாம் ஆபீஸ்ல ஒரு பொண்ணு முடிச்சு அனுப்பறா. இன்னையோட நாப்பத்தேழு பக்கம் ஆச்சு. நீங்க கோட்டை மட்டும் சரிபண்ணிக் குடுங்க" என்று மனைவி சொல்லிவைத்திருந்தாள். அவர் தூங்கி எழும்போதெல்லாம் நாலைந்து பக்கம் முடிந்திருந்தது. அந்தப் பெண் நன்றாக இருக்கவேண்டும் என்று மனதார வாழ்த்தினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சிக்னல்காரர் பார்க்க வந்தார். கிரேனுக்குக் கீழே தரையில் நின்று, ஏற்று, இறக்கு, நிறுத்து என்று கைச்சைகை காட்டுகிறவர். பத்தொன்பது வருஷம் இவர் மேலே, அவர் கீழே. இரண்டு பேரும் வேலைநேரத்தில் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. கைதான் பேசும். அதனால் வீட்டுக்கு வந்தாலும் இருவருக்கும் பேச்சு அவ்வளவாக வராது.

"ஒரு புது ஆளை ஏத்தியிருக்காங்க அண்ணே" என்றார் சிக்னல்காரர், காபியை வாங்கிக்கொண்டு. "கத்துக்கறான். நேத்து ஒரு தகட்டைச் சுவத்துல இடிச்சான்."

"பழகிக்குவான்" என்றார் கிரேன்காரர். சொல்லும்போது குரல் உள்ளே போய்விட்டது.

சிக்னல்காரருக்கு மனசு கேட்கவில்லை. பேச்சை மாற்றத் திரையைக் காட்டி, "இது என்னண்ணே?" என்றார். கிரேன்காரர் விளக்கினார். ஒரு தீவை அலேக்காகத் தூக்கி நடுக்கடலில் குறித்திருக்கும் கட்டத்துக்குள் வைக்கவேண்டும். காலையிலிருந்து கட்டத்துக்கு வெளியேதான் விழுந்துகொண்டிருந்தது.

சிக்னல்காரர் காபியைக் கீழே வைத்தார். எழுந்துபோய்க் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்றார். வலது கையை உயர்த்தி ஆள்காட்டி விரலை மேல்நோக்கிச் சுழற்றினார். ஏற்று என்று அர்த்தம்.

கிரேன்காரரின் முதுகு தானாக நிமிர்ந்தது. விரல் விசையில் அழுந்தியது. தீவு எழும்பியது. சிக்னல்காரரின் உள்ளங்கை மெதுவாக வலப்பக்கம் நகர, தீவும் நகர்ந்தது. இன்னும் கொஞ்சம். இன்னும் ஒரு நூல். விரல் கீழ்நோக்கிச் சுழன்றது. இறக்கு. தீவு கட்டத்துக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. சிக்னல்காரர் இரண்டு கையையும் குறுக்கே வைத்து முடிந்தது என்று காட்டினார். நெற்றியில் இரண்டு பேருக்கும் வியர்வை. பத்து டன் இறக்கி வைத்ததுபோல் மூச்சு விட்டார்கள்.

சிக்னல்காரர் குனிந்து கிரேன்காரரின் கையையே பார்த்தார். கண் அகல விரிந்தது.

"அண்ணே, உங்க கை இப்ப…"

மனைவி கணவனுக்குப் பின்னால் நின்று, கட்டுப்போட்ட கையின் உள்ளங்கையை விரித்து நீட்டினாள். நிறுத்து. பத்தொன்பது வருஷப் பழக்கம், சிக்னல்காரரின் வாய் பட்டென்று மூடிக்கொண்டது.

"என் கை இப்ப என்ன?" என்றார் கிரேன்காரர்.

"ஒண்ணுமில்லண்ணே. அண்ணி காபி பிரமாதம்" என்று சிக்னல்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். 'உங்க கை இப்படி ஆயிடுச்சே' என்று சொல்ல வந்து பாவம் அடக்கிக்கொண்டான் என்று கிரேன்காரர் அன்றைக்கு முழுவதும் நினைத்து நினைத்து வருந்தினார்.

நாற்பத்துநாலாவது நாள் புத்தகம் முடிந்தது. தொண்ணூற்றாறாவது பக்கத்தின் மூலையில் திசைகாட்டும் படம் ஒன்றை வைக்கவேண்டும். அதை அவரே வைத்தார், ஒரே தடவையில். அன்றைக்கு டெட் ஸோன் மாறவில்லை. வேகம் மாறவில்லை. திருகினால் பக்கம் புரண்டது. அவர் நோட்டைத் திறந்து, 'எல்லா அச்சும் ஒழுங்கு. இயந்திரம் ஒப்படைக்கத் தயார்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

"இனி நீ உக்காரலாம்மா."

"இனி எதுக்குங்க? அதான் முடிஞ்சுதே" என்றாள். பிறகு அவர் வரைந்த ஆற்றைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "இந்த ஆறு நல்லா வந்திருக்கு. இதை இப்படியே புத்தகத்துல விட்டுடறேன்."

அவருக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு கணம்தான். மறுகணம் மறுநாளைய சோதனை நினைவுக்கு வந்தது.

"நாளைக்கு நான் போகலம்மா. போய் என்ன ஆகப்போகுது? அவர் குடுத்த பயிற்சியில ஒண்ணுகூட நான் செய்யல. எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் போறது?"

"எனக்காக வாங்க. என் கையையும் அவர்கிட்ட காட்டணும்."

அந்த ஒரு வார்த்தைக்காகப் போனார்.

பிசியோதெரபிஸ்ட் ஒல்லியான மனிதர். பேச்சு குறைவு, எண்ணுவதுதான் அதிகம். கிரேன்காரரை உட்காரவைத்துவிட்டு, மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். நாலாகக் கிழிந்து, டேப் போட்டு ஒட்டிய தாள். அதில் பென்சிலால் வரிசை வரிசையாக என்னென்னவோ டிக் போட்டிருந்தது. மூக்குக் கண்ணாடி இல்லாததால் அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. தன்னுடைய தாள் என்பது மட்டும் தெரிந்தது. நான் கிழித்ததைப் பொறுக்கிக்கொண்டு வந்து காட்டிக்கொடுத்துவிட்டாளே என்று மனைவியைப் பார்த்தார். அவள் கூரையில் இருந்த மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பிடியை அழுத்துங்க" என்று முள் வைத்த கருவி ஒன்றை நீட்டினார் பிசியோதெரபிஸ்ட்.

அழுத்தினார். முள் எழும்பி முப்பத்தாறில் நின்றது.

"போன தடவை ஒன்பது" என்றார் அவர்.

"மெஷினை ஒருதரம் பாருங்க சார். நடுவுல நிக்காம தானா நகருதோ என்னமோ" என்றார் கிரேன்காரர். அவருக்குத்தான் இப்போது அதெல்லாம் அத்துப்படியாயிற்றே.

"தள்ளுங்க."

தள்ளினார்.

"இழுங்க. பிடிச்சுக்கிட்டு பத்து எண்ணுங்க. ஆள்காட்டி விரல். இப்பத் திருகுங்க. இந்தப் பக்கம். அந்தப் பக்கம்."

எல்லாம் ஆனது. பிசியோதெரபிஸ்ட் கம்பெனி படிவத்தை எடுத்து, 'கிரேன் இயக்கத் தகுதி உண்டு' என்று எழுதி முத்திரை குத்தினார். முத்திரைச் சத்தத்தில் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

கிரேன்காரருக்கு அது காதில் ஏறியது, மனதில் ஏறவில்லை. படிவத்தை வாங்கிப் படித்துக்கூடப் பார்க்காமல் மடியில் வைத்துக்கொண்டார்.

"என் கதை இருக்கட்டும் சார். ஏதோ தப்பிச்சேன். இவ கையைப் பாருங்க. ஆறு வாரமா ஒரு நாள்கூடக் கட்டை அவுக்கல. இவ வேலைக்குன்னு ஒரு குச்சியை வெச்சுக்கிட்டு, அதைச் சரிபண்றேன் சரிபண்றேன்னு நான் போகாத வழி இல்ல. நான் ஒண்ணு சரி பண்ணா அது ஒம்பது கெட்டுப்போகுது. ஒரு வார்த்தை கோவிச்சுக்கல சார் இவ. எனக்குக் கிரேன் போனா கேட்டாவது இருக்கு. இவளுக்குக் கை போச்சுன்னா என்ன சார் இருக்கு?"

மனைவியின் கட்டுப்போட்ட கையை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டார். வலது கையின் ஐந்து விரலும் ஒழுங்காக மடங்கி இறுகப் பிடித்தன. அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது.

பிசியோதெரபிஸ்ட் முத்திரையைப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

"அம்மா கைக்கு ஒண்ணும் இல்ல சார், என்னைக்குமே இருந்ததில்ல. கட்டுப் போட்டதுதான் அவங்களுக்கு, ஆறு வாரமா வைத்தியம் நடந்தது உங்களுக்கு."